வீட்டில் ரீலோடிங் மேசை: கராஜா, உள்ளறையா? பலகை, பிரெஸ், தராசு பற்றிச் சில கேள்விகள்

கேட்டவர்: கொங்கு_டெக்சஸ்

வணக்கம். வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்ய, அதாவது சுட்ட உறையில் புது பிரைமர் (தட்டினால் பற்றிக்கொள்ளும் சின்னக் கிண்ணம்), பவுடர் (வெடிமருந்து), குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்க, ஒரு மேசை அமைக்கப் போகிறேன். டெக்சஸில் தனி வீடு. சுட்ட பித்தளை உறைகள் இரண்டு வாளி சேர்ந்திருக்கின்றன. பெரும்பங்கு 9 மி.மீ. (கைத்துப்பாக்கித் தோட்டா), மிச்சம் .308 வின்செஸ்டர் (ரைபிள் தோட்டா). மாதத் தேவை 9 மி.மீ.யில் 300, .308-இல் 60 முதல் 80. எல்லாம் சொந்த உபயோகத்துக்கு, விற்பதற்கில்லை.

1. இடம்: கராஜில் 8 அடிச் சுவர் காலியாக இருக்கிறது. அதே சுவரின் கோடியில் கேஸ் வாட்டர் ஹீட்டர். உள்ளே ஒரு சின்ன அறையும் உண்டு, அங்கே 6 அடிதான் கிடைக்கும், தரையில் கார்ப்பெட். எது நல்லது?

2. மேசை: கடையில் விற்கும் மெல்லிய தகரக்கால் மேசை போதுமா, மரத்தில் அடிக்க வேண்டுமா? உயரம், பலகைக் கனம் என்ன வைக்கலாம்?

3. பிரெஸ் (உறையை டை என்ற அச்சுக்குள் ஏற்றும் கைநெம்பு இயந்திரம்): ஒரு நேரத்தில் ஒரு டை போடும் ஒற்றை நிலையா, சுழலும் தலையில் பல டை இருக்கும் டரெட்டா, ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரெசிவா?

4. தராசு: ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருக்கிறேன். பூஜ்யம் வைத்துப் பத்து நிமிடத்தில் 0.2, 0.3 கிரெய்ன் (பவுடரை நிறுக்கும் சின்ன எடை அளவு) தானாக நகர்கிறது. தராசு கெட்டதா, வைத்த இடம் சரியில்லையா?

எவ்வளவு பவுடர் போடுவது என்ற அளவு விவரம் எதுவும் கேட்கவில்லை. அதற்குக் கையேடு வாங்கிவிட்டேன்.

---

பதில் 1: தச்சுக்கை

மேசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தகரக்கால் மேசை வேண்டாம். 9 மி.மீ.க்கு அது தாங்கிவிடும், .308-க்குத் தாங்காது. சுட்டு விரிந்த உறையைப் பழைய அளவுக்கு நெருக்கும் முழு நீள சைசிங் டையில் .308 உறையை ஏற்றும்போது கைப்பிடியில் உடம்பின் கனமே இறங்குகிறது. மேசையின் முன் விளிம்பு கீழே அமுங்கும், பின் விளிம்பு தூக்கப் பார்க்கும். கைப்பிடியை மேலே கொண்டுவரும்போது உள்ளிருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை உறையின் கழுத்தைப் பிடித்து இழுக்கும், அப்போது முன் விளிம்பு எழும்பும். இப்படி ஒவ்வொரு உறைக்கும் ஆடுகிற மேசையில் கைக்குக் கிடைக்க வேண்டிய உணர்வு போய்விடுகிறது. பிரைமர் குழியின் அடியைத் தொட்டதா, உறை டையில் சிக்கப் போகிறதா என்பதெல்லாம் கைப்பிடி வழியாகத்தான் தெரியும்.

6 அடிச் சுவருக்கு நான் சொல்வது இது. நீளம் 6 அடி, ஆழம் 24 அங்குலம். 30 அங்குல ஆழம் வைத்தால் பின்பாதி சாமான் குவியும் இடமாகிவிடும். கால்கள் நாலுக்கு நாலு கட்டை. சட்டங்கள் நாலுக்கு ரெண்டு, அதன் உண்மையான அளவு 3½-க்கு 1½ அங்குலம் என்பதை மனதில் வைத்து அறுங்கள். மேல் பலகை ¾ அங்குல பிளைவுட் இரண்டு அடுக்கு. நடுவில் மரப்பசை பூசி, அடியிலிருந்து எட்டு அங்குலத்துக்கு ஒரு திருகு. திருகு 1¼ அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மேலே முளைத்துக்கொண்டு வரும். மேல்பரப்பில் பாலியுரித்தேன் இரண்டு பூச்சு. பூச்சில்லாத மரம் பவுடரையும் ஈயத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், துடைத்தாலும் வராது.

எல்லோரும் செய்கிற தப்பு முன் சட்டத்தில்தான். பலகை விளிம்போடு ஒட்டி முன் சட்டத்தை அடித்துவிடுவார்கள். பிறகு பிரெஸ்ஸின் போல்ட் நேராகச் சட்டத்தின் மேல் இறங்கும், அல்லது ராமின் (உறையை மேலே தள்ளும் தண்டின்) இணைப்புக்கை கீழே வரும்போது சட்டத்தில் இடிக்கும். முன் சட்டத்தை விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளுங்கள். அந்த 4 அங்குலம் தொங்காமல் இருக்க, பிரெஸ் வரும் இடத்துக்கு இருபுறமும் முன்னிருந்து பின்னாக இரண்டு குறுக்குச் சட்டம், இடைவெளி 8 முதல் 10 அங்குலம், விளிம்பு வரை நீட்டி. பிரெஸ்ஸை மேசை நடுவில் வைக்காதீர்கள். ஒரு காலுக்குப் பக்கத்தில், ஆனால் மூலையில் முழங்கை இடிக்காதபடி ஓர் அடி விட்டு வையுங்கள்.

பிரெஸ்ஸை மரத் திருகால் பிடிக்கக் கூடாது. நூறு உறைக்குள் துளை தளர்ந்துவிடும். துளைத்துச் செல்லும் போல்ட், அடியில் அகல வாஷர், அதைவிட நல்லது ¼ அங்குல இரும்புப் பட்டை, நைலான் லாக் நட். போல்ட்டின் கனத்தைப் பிரெஸ்ஸின் துளை பார்த்து எடுங்கள். துளை போடும் முன் பிரெஸ்ஸை விளிம்பில் கிளாம்ப் வைத்துப் பிடித்து, கைப்பிடியை முழு வீச்சில் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, பின் சட்டத்தைச் சுவருக்குள் நிற்கும் ஸ்டட் கட்டைகளில் 3 அங்குலத் திருகால் பூட்டுங்கள். ஸ்டட் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். 6 அடியில் நாலு கிடைக்கும், நாலிலும் பூட்டுங்கள். எவ்வளவு கனமான மேசையும் இதற்கு ஈடாகாது.

உயரம்: உட்காரவும் நிற்கவும் வசதி வேண்டுமென்றால் மேசை 36 அங்குலம், அதன்மேல் பிரெஸ்ஸை உயர்த்த இரும்பு ரைசர் (தாங்கி) 8 முதல் 10 அங்குலம். கைப்பிடி அடிவரை இறங்கும்போது முதுகு குனியக் கூடாது. அதுதான் அளவுகோல்.

---

பதில் 2: பித்தளைமனம்

இடத்தைப் பற்றி. உள்ளறையே சரி. ஆனால் அந்தக் கார்ப்பெட்டைத் தூக்கியாக வேண்டும்.

டெக்சஸ் கராஜில் கோடைக்காலத்தில் பவுடர் வைக்கவே கூடாது. புகையில்லாப் பவுடரின் மூலம் நைட்ரோசெல்லுலோஸ். அது மெதுவாகத் தானே சிதையும் பொருள். சிதைவில் வரும் அமிலத்தை உறிஞ்சுவதற்காகவே ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்கள். வெப்பம் ஏற ஏற ஸ்டெபிலைசர் சீக்கிரம் தீரும். மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் புளித்த நெடி, செம்பழுப்புத் தூசி, டப்பாவின் உட்புறம் அரிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த டப்பாவை உபயோகிக்க வேண்டாம். நல்ல பவுடரில் ஈதர் போன்ற மெல்லிய வாசனைதான் வரும். கேஸ் வாட்டர் ஹீட்டரின் தீக்கொழுந்து இருக்கும் சுவரில் பவுடரைத் திறப்பது என்ற பேச்சே வேண்டாம்.

கார்ப்பெட்டில் இரண்டு ஆபத்து. கீழே விழுந்த பிரைமர் தெரியாது. பிறகு வாக்குவம் கிளீனர் அதை உறிஞ்சி, விசிறியில் அடிபட்டு வெடிக்கலாம். இரண்டாவது ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் இருக்கிறது. சுட்ட உறைக்குள்ளும் பிரைமர் குழியிலும் படிந்த கரியில் ஈயம் உண்டு. கார்ப்பெட் நாரில் அது இறங்கினால் எடுக்கவே முடியாது, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நினைத்தாலே பயமாக இருக்கிறது. வினைல் தரை போடுங்கள். பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தனிப் பையில் கட்டிப் போடுங்கள். வாக்குவம்தான் வேண்டுமென்றால் தரையில் பிரைமர் எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்த பிறகு, நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது மட்டும்.

உலர் டம்ளரை, அதாவது சோளக்கதிர்த் துருவலோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு அதிரவைத்து உறைகளைத் துலக்கும் பாத்திரத்தை, வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். உறையைத் துருவலிலிருந்து சலித்துப் பிரிக்கும் நேரத்தில்தான் தூசி அதிகம் எழும். அதைக் கராஜ் கதவைத் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு. டிரையர் ஷீட் (துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் தாள்) ஒன்றை நாலாகக் கிழித்துத் துருவலோடு போட்டால் தூசியில் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொள்ளும். எஃகு ஊசி போட்டு நீரில் கழுவும் முறையில் தூசியே எழாது, ஆனால் அழுக்கு நீரில் ஈயம் இருக்கும், சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. மேசையில் காபிக்கோப்பையே வரக் கூடாது. வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2021 முதல் குழந்தைகளுக்குக் கவனிக்க வேண்டிய அளவாக டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வைத்திருக்கிறது.

சேமிப்பு: அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 495 விதிப்படி வீட்டில் புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை, அதன் சொந்த டப்பாவிலேயே. 20-க்கு மேல் 50 வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டிக்குள். பிரைமர் 10,000 வரை. உங்கள் தேவைக்கு இதில் கால்பங்கு கூட வேண்டாம். உள்ளூர் தீயணைப்பு விதி, குடியிருப்புச் சங்க விதி, வீட்டுக் காப்பீடு மூன்றையும் ஒருமுறை பாருங்கள், சில இடங்களில் இன்னும் குறைவு.

பலர் பத்திரம் என்று நினைத்துத் துப்பாக்கிப் பெட்டகத்தில் பவுடரைப் பூட்டுகிறார்கள். தப்பு. புகையில்லாப் பவுடர் திறந்த இடத்தில் எரியும். இறுக மூடிய இரும்புப் பெட்டிக்குள் எரிந்தால் அழுத்தம் ஏறிப் பெட்டியே வெடிகுண்டாகும். பூட்டு வேண்டும்தான், ஆனால் அழுத்தம் வெளியேற வழிவிடும் மர அலமாரியில். பிரைமர் வேறு அலமாரியில், வாங்கிய அட்டையிலேயே இருக்கட்டும். கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டிவைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும். அட்டையில் ஒவ்வொன்றையும் பிரித்து வைத்திருப்பதே அதற்காகத்தான்.

தீ பிடித்தால்: பவுடருக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் மூடி அணைக்க முடியாது. தீயணைப்பான் சுற்றியிருக்கும் மரத்துக்கும் துணிக்கும்தான். பவுடர் பிடித்துவிட்டால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போவதுதான் வழி. அதனால் மேசை உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் வராதபடி வையுங்கள்.

---

பதில் 3: முள்ளும்_தட்டும்

தராசு கெட்டிருக்காது, வைத்த இடம்தான் என்று தோன்றுகிறது. 0.3 கிரெய்ன் என்பது கிட்டத்தட்ட 20 மில்லிகிராம். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். .308-இல் இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். 9 மி.மீ.யில் பல பவுடர்களுக்குக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே அரை கிரெய்ன் அளவே இடைவெளி. அதில் 0.3 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. விடக் கூடாது.

சோதிக்கும் வரிசை:

முதலில் சூடேற விடுங்கள். தராசைப் போட்டு அரை மணி நேரம் கழித்துக் கூட வந்த எடைக்கல்லால் அளவு திருத்தம் செய்யுங்கள். போட்ட உடனே திருத்தினால் உள்ளே மின்சுற்று சூடாகச் சூடாகப் பூஜ்யம் நகரும். உங்கள் பத்து நிமிடக் கணக்கு இதைத்தான் சொல்கிறது.

அடுத்து காற்று. ஏ.சி. துவாரம், மின்விசிறி, உங்கள் மூச்சு எல்லாம் தட்டை அழுத்தும். துவாரத்தை அடைத்துவிட்டு, தராசின் மேல் மூடியோ மூன்று பக்க அட்டைத் தடுப்போ வையுங்கள்.

மூன்றாவது நிலை மின்சாரம். வறண்ட நாளில் பிளாஸ்டிக் புனலும் தட்டும் ஒன்றையொன்று இழுக்கும், எண் குதிக்கும். டிரையர் ஷீட்டால் தட்டையும் புனலையும் துடைத்தால் நிற்கும். கைப்பேசியையும் பழைய குழல்விளக்கையும் அரைமீட்டருக்கு அப்பால் வையுங்கள். குழல்விளக்கின் சோக் தராசுக்குள் எடையை உணரும் லோட்செல்களைக் குழப்பும்.

இந்த மூன்றும் செய்த பிறகும் நகர்ந்தால் மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம் உண்டு, இது தெரியாமல் பலர் அளவு கூட்டிவிடுகிறார்கள். விலை குறைந்த தராசுகளில் பூஜ்யத்தைத் தானே பின்தொடரும் வசதி இருக்கிறது. டிரிக்லரால் ஒவ்வொரு மணியாகப் பவுடர் விடும்போது, இந்த மெதுவான ஏற்றத்தைத் தராசு நகர்வு என்று நினைத்துக் கணக்கிலேயே சேர்க்காது. எண் அப்படியே நிற்கும், தட்டில் பவுடர் ஏறிக்கொண்டிருக்கும். கடைசி மணிகள் விட்டதும் தட்டை ஒருமுறை தூக்கி மறுபடி வைத்துப் படியுங்கள். அந்த எண்தான் உண்மை.

தட்டு இல்லாதபோது திரையில் வரும் மைனஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை தட்டை எடுக்கும்போதும் அதே எண் வர வேண்டும். 0.1 மாறினாலும் நிறுத்தி மறுபடி பூஜ்யம். கூடவே சோதனை எடைக்கல் ஒரு செட், நீங்கள் நிறுக்கும் அளவுக்கு அருகில் உள்ளதாக. 50 கிராம் கல்லால் திருத்திய தராசு 5 கிரெய்னில் சரியாக இருக்கும் என்று உறுதியில்லை.

முடிந்தால் ஒரு பீம் தராசும் (கோலில் எடையை நகர்த்தி நிறுப்பது) வாங்குங்கள். கரண்டு வேண்டாம், சூடேற வேண்டாம். முள் கண்ணுக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் கோடு தள்ளித் தெரியும்.

எந்தத் தராசானாலும் பிரெஸ் இருக்கும் பலகையில் வைக்காதீர்கள். சுவரில் தனி அலமாரிப் பலகை, மேசையைத் தொடாமல். பவுடரை அளந்து விடும் பவுடர் மெஷரும் அப்படியே. பிரெஸ் அதிரும்போது அதன் மேல்கலமான ஹாப்பரில் பவுடர் இறுகி, அடுத்து விழும் அளவு கூடும்.

---

பதில் 4: நிதானமா_நிரப்பு

பிரெஸ் கேள்விக்கு. மாதம் 300 என்பது புரோகிரெசிவ் கேட்கும் எண்ணிக்கை இல்லை. புரோகிரெசிவ்வில் ஒரே இழுப்பில் நாலைந்து வேலை நடக்கும், நாலைந்து இடத்திலும் கண் வைக்க வேண்டும். பழகாத கைக்கு அது கஷ்டம். ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் மாதிரி ஒற்றை நிலை வார்ப்பிரும்பு பிரெஸ் ஒன்று .308-க்கு வாழ்நாள் முழுக்கப் போதும். 9 மி.மீ.க்கு லீ கிளாசிக் டரெட் சேர்த்துக்கொள்ளலாம். டைகளின் மரை இரண்டிலும் ⅞-14 (⅞ அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை) தான், மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

9 மி.மீ.க்குக் கார்பைடு சைசிங் டை வாங்குங்கள், எண்ணெய் தேவையில்லை. .308-க்குக் கழுத்து குறுகிய உறை என்பதால் கேஸ் லூப், அதாவது உறையில் பூசும் மசகு, கட்டாயம். போடாமல் ஏற்றினால் டைக்குள் சிக்கும், இழுத்தால் விளிம்பு கிழிந்து உறை உள்ளேயே நிற்கும். சிக்கிய உறை எடுக்கும் கிட் ஒன்றை முதல் நாளே வாங்கி வையுங்கள். லூப் அதிகமானால் உறையின் தோளில் பள்ளம் விழும். மெல்லிசாகப் பூச வேண்டும்.

எனக்கு மேசையைவிட முக்கியமாகப் படுவது வெளிச்சம். 9 மி.மீ.யில் சில பவுடர்கள் உறையில் பாதி கூட நிரம்பாது. இரண்டு முறை போட்டாலும் வழியாது, மேலே குண்டு வைத்து மூடிவிடலாம். துப்பாக்கி உடையும். அதனால் இரண்டாவது முறை போட்டால் வழிந்துவிடும் அளவுக்குப் பருமன் உள்ள பவுடரைக் கையேட்டில் தேடி எடுங்கள். பவுடரே விழாத தோட்டாவும் ஆபத்துதான். பிரைமரின் வேகத்தில் குண்டு குழாயில் பாதியில் நின்றுவிடும், அடுத்த குண்டு அதன்மேல் மோதும்.

ஒற்றை நிலையில் 50 குழி உள்ள மரக்கட்டையில் உறைகளை நிறுத்திப் பவுடர் போட்டு முடித்ததும், டார்ச்சைச் சாய்த்து அடித்து ஐம்பதையும் வரிசையாகப் பாருங்கள். மட்டம் மாறியது உடனே கண்ணில் படும். டரெட்டில் பிரெஸ்ஸின் சட்டத்துக்குள் சின்ன எல்.இ.டி. பட்டை ஒட்டி, குண்டு வைக்கும் முன் ஒவ்வோர் உறைக்குள்ளும் பார்வை போக வேண்டும். யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அந்த உறையைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. ஹாப்பரில் அதன் பெயரை மாஸ்க்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்து அதே டப்பாவில் கொட்டுங்கள். இரவு முழுக்க விட்டால் ஈரம் மாறும், சில பவுடர்கள் பிளாஸ்டிக்கைக் கறையாக்கும், எல்லாவற்றுக்கும் மேல் மறுநாள் அது எந்தப் பவுடர் என்ற சந்தேகம் வரும். சந்தேகம் வந்த பவுடரை உபயோகிக்கவே கூடாது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பவுடர்கள் எரியும் வேகத்தில் வெகுதூரம் விலகியிருக்கும்.

பிரைமர் வைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காரக் கூடாது.

---

இடைக்கேள்வி: மதுரைச்_சுடுதளம்

மதுரையிலிருந்து படிக்கிறேன், ரைபிள் லைசென்ஸ் இருக்கிறது. இந்த பிரெஸ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து இங்கே செய்யலாமா?

---

பதில் 5: பித்தளைமனம்

வேண்டாம் சார். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. அதே சட்டம் தோட்டா செய்யும் இயந்திரத்தையும் தோட்டா என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. பிரெஸ் சுங்கத்தில் நின்றாலே சிக்கல். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்றால் 06 வகை உரிமம் வேண்டும். இந்தத் திரியில் சொன்னது எல்லாம் அந்த ஊருக்கு.

---

கேட்டவர்: கொங்கு_டெக்சஸ்

எல்லோருக்கும் நன்றி. உள்ளறை முடிவாகிவிட்டது, கார்ப்பெட்டை எடுத்து வினைல் போடுகிறேன். டம்ளர் மட்டும் கராஜில். தராசை ஏ.சி. துவாரத்துக்கு நேர் கீழே வைத்திருந்தது இப்போதுதான் உறைத்தது. அரை மணி சூடேற்றி, துவாரத்தை அடைத்த பிறகு ஒரு மணி நேரத்தில் 0.1 கூட நகரவில்லை. பீம் தராசும் சொல்லியாகிவிட்டது.

தச்சுக்கை அண்ணே, ஒரு சந்தேகம். ரைசர் போட்டால் பிரெஸ் இன்னும் உயரத்தில் நிற்கும், அந்த உயரமே நெம்புகோல் ஆகி ஆட்டம் கூடாதா? இன்னொன்று, பழைய பிரைமர் விழும் குழாயை எங்கே விடுவது?

---

பதில் 6: தச்சுக்கை

கூடும் தம்பி, அதனால்தான் அந்த இரண்டு குறுக்குச் சட்டம். ரைசரின் அடித்தகடு அந்தச் சட்டங்கள் இரண்டின் மேலும் உட்கார வேண்டும், பின்பக்கத்துப் போல்ட் இரண்டும் இரும்புப் பட்டை வழியாகப் போக வேண்டும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துப் போல்ட்டுக்குத்தான் இழுவை அதிகம். முதல் இருநூறு .308 முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். பிளைவுட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அதற்குப் பிறகு தளராது.

பிரைமர் குழாயை மேசைக்கு அடியில் ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டிக்குள் விடுங்கள், மூடியில் குழாய் அளவுக்குத் துளை போட்டு. திறந்த டப்பாவில் விட்டால் பிரைமர் விழும் ஒவ்வொரு முறையும் அந்தக் கரித்தூசி எழும். புட்டியைக் காலி செய்யும்போது உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டுக் கொட்டுங்கள்.